கஃப் கட்டும்போதே தூக்கத்தையும் கேளுங்கள்

குழந்தையின் இதயம் என்றதும் நம் காது மர்மரைத் தேடுகிறது. பிறவிக் கோளாறும் ருமாட்டிக் இதயநோயும் இன்னும் நம் ஓ.பி.க்கு வந்துகொண்டிருப்பதால் அதில் தவறில்லை. ஆனால் மர்மர் எதுவும் இல்லாத, பதினான்கு வயதுப் பையனின் ரத்த அழுத்தம் 132/82 என்று வந்தால் என்ன கேட்கிறோம்? உப்பு, எடை, குடும்ப வரலாறு. எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேட்பவர்கள் குறைவு.

2008-இல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளியான கிளீவ்லாந்து ஆய்வு, 13 முதல் 16 வயது வரையுள்ள 238 பேரைப் பார்த்தது. படுத்திருந்த நேரத்தில் 85 சதவீதம்கூடத் தூங்காதவர்களுக்கு அழுத்தம் உயர்ந்திருக்கும் வாய்ப்பு, எடை முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மூன்றரை மடங்கு. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் உடலியல் பொருந்துகிறது. இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய அழுத்தம், தூக்கம் துண்டுபட்டால் சரியாக இறங்குவதில்லை; பரிவு நரம்புகள் அடங்குவதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் தூக்கத்தையும் இதய நல அளவுகோல்களில் சேர்த்துவிட்டது.

13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தென்காசி மாவட்டத்தில் அது எளிதல்ல. கடையம், பொட்டல்புதூர் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே அறை. மறுநாள் கடையில் போட வேண்டிய கணக்கு முடியும்வரை அம்மா மடியில் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்த டியூப்லைட்டின் கீழேதான் பிள்ளையின் பாய். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம். குற்றாலத்தில் சீசன் வந்தால் அருவிக்கரையில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும் கூடவே கண்விழிக்கிறார்கள். செல்போனும் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்கிறது. அதற்காக, "செல்போன் கொடுக்காதீங்கம்மா" என்று மட்டும் சொல்லி இந்த வீட்டாரை அனுப்பிவிடுவது வைத்தியமாகாது. விளக்கின் ஒரு பக்கத்தை மறைக்க முடியுமா, பாயை எங்கே மாற்றிப் போடலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

விடியலிலும் தூக்கம் பறிபோகிறது. பதின்பருவத்தில் மெலடோனின் தாமதமாகவே சுரக்கிறது. சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் கண் மூடாது. அந்த வயதில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் காலைச் சிறப்பு வகுப்புகள். பள்ளி 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இலேயே சொன்னது. தலைமையாசிரியர்களிடம் இதை எடுத்துச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஆர்.பி.எஸ்.கே. குழுக்கள் எப்படியும் பள்ளிக்குப் போகின்றன.

அளப்பதிலும் கவனம் தேவை. மெலிந்த கையில் பெரியவர்களின் கஃபைக் கட்டினால் அழுத்தம் குறைவாகக் காட்டும். பருத்த கையில் சிறிய கஃப் கூட்டிக் காட்டும். வேறு வேறு நாள்களில் மூன்று முறை அளந்து உறுதி செய்யுங்கள். இடைப்பட்ட நாள்களில் படுக்கும் நேரம், எழும் நேரம், குறட்டை மூன்றையும் ஓ.பி. சீட்டில் எழுதிவையுங்கள். தினமும் குறட்டை விட்டு வாயால் மூச்சு விடும் பிள்ளையின் டான்சிலையும் அடினாய்டையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும். அறிகுறியில்லாத லேசான உயர்வுக்கு மாத்திரை எழுதும் யோசனை அதற்குப் பிறகு.