ஒளிரும் எல்லை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதியவர் பலர் வீட்டாரிடமும் சொல்ல நாணும் நோய், புரொஸ்டேட் புற்றுநோய். அச்சுரப்பியை அகற்றும் சத்திரவைத்தியரின் இடர்ப்பாட்டை நாம் உணர்தல் வேண்டும். குறைய வெட்டினால் புற்று எஞ்சும். மிக வெட்டினால் அயலிலுள்ள நரம்புகள் கெட்டு, சிறுநீரை அடக்கும் சக்தியும் இல்லறச் சுகமும் குன்றக்கூடும். முற்றாக நீங்கிற்றா என்பதைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரே நுணுக்குக்காட்டி சொல்லும். அதுவரை குடும்பத்தார் படும் பாடு!

ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையார் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், புற்றுக் கலங்களின் மேற்பரப்பில் மிகுந்துள்ள புரதத்தைத் தேடிப் பற்றும் ஒளிர்சாயத்தை 23 நோயாளருக்கு முன்கூட்டியே ஏற்றினர். விசேட விளக்குங் கமராவுங் கொண்டு நோக்க, புற்றுள்ள இடம் ஒளிர்ந்தது. வெறுங்கண்ணுக்குத் தப்பியதும் தென்பட்டது. ஆயினும் 23 பேர் சிறு தொகையே. ஒளிராத இடமெல்லாம் தூயதென்று கொள்ள, விரிவான பரிசோதனைகள் இன்னும் வேண்டுமென்பது நம் கருத்து.