மிட்டாய்க்கு நிறம் மாறுது! லாபம் யாருக்கு?

தாண்டிக்குடி:
காப்பிக்கும் மிளகுக்கும் பேர்போன ஊர் தாண்டிக்குடி. வத்தலக்குண்டில் இருந்து பெரும்பாறை வழியாக மலை ஏறினால் வரும். கொடைக்கானல் அளவுக்குக் கூட்டம் கிடையாது. ஆனால் மிட்டாய் எட்டாத மலை உண்டா? பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. கடையில் மிட்டாய் பாட்டில். எந்த ஊரிலும் இதுதானே காட்சி!

பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடியன் மிட்டாயைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டான். "அண்ணே, அந்தச் சிவப்பு குடுங்க" என்பான். சிவப்பு தீர்ந்துபோய் பச்சையைக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். உள்ளே இருப்பது அதே சீனிதான். ஆனாலும் அவனுக்கு வேண்டியது நிறம்!

இந்த ரகசியம் பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். பெரிய மிட்டாய் கம்பெனிகளுக்கும் தெரியும். அதை வைத்து அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள்.

ஓட்டு போட்ட ஜனங்கள்

அமெரிக்காவில் எம் அண்ட் எம்ஸ் என்று ஒரு மிட்டாய். 1941-ம் ஆண்டு முதல் விற்பனையில் இருக்கிறது. நம் ஊர் ஜெம்ஸ் மாதிரி, சாக்லெட்டுக்கு மேல் வண்ணச் சீனி பூசிய பட்டன் மிட்டாய். தயாரிப்பது மார்ஸ் கம்பெனி.

1995-ல் அந்தக் கம்பெனி ஒரு தேர்தல் வைத்தது. நீலமா, இளஞ்சிவப்பா, ஊதாவா? புதிய நிறம் எது என்று ஜனங்களே முடிவு செய்யலாம் என்றது. 1 கோடிக்கு மேல் ஓட்டு விழுந்தது! 54 சதவீதம் ஓட்டு வாங்கி நீலம் ஜெயித்தது. பழைய வெளிர் பழுப்பு நிறம் வீட்டுக்குப் போனது.

2002-ல் மறுபடியும் ஓட்டு. இந்தத் தடவை உலகம் முழுவதும். ஊதா ஜெயித்தது. 2004-ம் ஆண்டு தொடக்கத்தில் அடுத்த வேடிக்கை. "நிறத்தைக் காணோம்" என்று சொல்லி எல்லா மிட்டாயையும் கறுப்பு-வெள்ளை ஆக்கினார்கள். சில வாரம் கழித்து நிறம் திரும்பி வந்தது. அதற்கும் ஒரு விளம்பரம்!

இதில் மிட்டாய் ருசியாக மாறியதா? இல்லை. விலை குறைந்ததா? அதுவும் இல்லை. சாயத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். பத்திரிகைகள் செய்தி போட்டன. ஜனங்கள் வீட்டிலும் ஆபீசிலும் அதையே பேசினார்கள். ஓட்டுப் போட்டவர் எல்லோரும் சம்பளம் வாங்காத விளம்பர ஏஜெண்டு ஆனார்கள்!

இந்தியாவிலும்

நம் நாட்டிலும் இது நடந்தது. 2019 சுதந்திர தினத்துக்கு கேட்பரி கம்பெனி ஒரு சாக்லெட் விட்டது. ஒரே கட்டியில் கறுப்பு முதல் வெள்ளை வரை 4 நிறம். பெயர் 'ஒற்றுமை' சாக்லெட். சிலர் பாராட்டினார்கள். "சாக்லெட் தின்றால் ஒற்றுமை வந்துவிடுமா?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. பாராட்டோ, கேலியோ, கம்பெனி பெயர் ஊரெல்லாம் அடிபட்டது.

நிறம் என்பது சொத்து. ஜெம்ஸ் பாக்கெட்டைப் போலவே இன்னொரு கம்பெனி பாக்கெட் போட்டது என்று 2005-ல் கேட்பரி கோர்ட்டுக்குப் போனது. 17 வருடம் கழித்து, 2022-ல் டெல்லி ஐகோர்ட்டு கேட்பரிக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. பெயர் மட்டும் அல்ல, பாக்கெட்டின் நிறமும் படமும்கூட வழக்கில் முக்கிய விஷயம்.

பயந்து மாற்றிய நிறம்

வேடிக்கைக்காக இல்லாமல் பயத்தால் நிறம் மாறியதும் உண்டு. 1976-ல் அமெரிக்க அரசு ஒரு சிவப்புச் சாயத்துக்குத் தடை போட்டது. எம் அண்ட் எம்ஸ் மிட்டாயில் அந்தச் சாயம் கிடையாது. ஆனாலும் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று சிவப்பு மிட்டாயையே நிறுத்திவிட்டார்கள். அது திரும்பி வர 11 வருடம் ஆனது.

இங்கிலாந்தின் ஸ்மார்ட்டீஸ் மிட்டாயிலும் அப்படித்தான். செயற்கைச் சாயம் வேண்டாம் என்று 2006-ல் நீலத்தை எடுத்தார்கள். 2008-ல் ஸ்பைருலினா என்ற பாசியில் இருந்து எடுத்த நீலத்தைச் சேர்த்து மறுபடி கொண்டுவந்தார்கள். மாற்றம் என்றால் இது மாற்றம்!

பஞ்சுமிட்டாய் கதை

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தமிழக அரசு தடை போட்டது. சோதனைக்கு எடுத்த மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. அது துணிக்குப் போடுகிற சாயம். சாப்பாட்டில் சேர்க்க அனுமதியே கிடையாது. புற்றுநோய் ஆபத்து உண்டு என்று எச்சரித்தார்கள். புதுச்சேரியில் அதற்கு முன்பே தடை வந்துவிட்டது.

பஞ்சுமிட்டாய் என்பது வெறும் சீனி. சாயம் போடாவிட்டால் வெள்ளையாக இருக்கும். வெள்ளையாக இருந்தால் குழந்தை திரும்பிப் பார்க்காது என்று சாயம் போட்டார்கள். பெரிய கம்பெனி செய்ததும் அதே கணக்குத்தான். கண்ணைப் பிடித்தால் காசு விழும்!

ஆனால் கம்பெனியிடம் ஆய்வுக்கூடம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். கம்பு தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவருக்கு என்ன இருந்தது? சாயப்பொடி வாங்கியபோது அது எதற்கான சாயம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தடை வந்ததும் போனது அவர் பிழைப்பு. தின்ற குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கவலை பெற்றவர்களுக்கு. தடை சரிதான். பாடம் எல்லோருக்கும்.

கடைக்காரர் கவனிக்க

இந்தியாவில் சாப்பாட்டுப் பொருளில் சேர்க்க 8 செயற்கைச் சாயத்துக்கு மட்டுமே அனுமதி. அதுவும் மிட்டாயில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சாயம் சேர்த்திருந்தால் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு லைசென்சு நம்பர் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும்.

பெயரும் நம்பரும் இல்லாத மிட்டாயைச் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி பாட்டிலில் கொட்டினால் ஆபத்து கடைக்காரருக்குத்தான். சரக்கு யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாவிட்டால், விற்றவரே பொறுப்பு என்று 2006-ம் ஆண்டு சட்டம் சொல்லுகிறது. எனவே பில் கேட்டு வாங்குங்கள். அதைப் பத்திரமாக வையுங்கள்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நிறத்தைத்தான் பார்ப்பான். அது பிள்ளைக் குணம். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நம் வேலை. நாக்கிலும் விரலிலும் அழியாமல் ஒட்டுகிற சிவப்பு என்றால், "இது வேண்டாம்டா கண்ணு" என்று சொல்லிவிடலாம்.

தாண்டிக்குடி மலையில் வாழை விளைகிறது, ஆரஞ்சு விளைகிறது. காசு கொடுக்கும்போது அந்தப் பக்கமும் ஒரு தடவை கையை நீட்டலாம். அதற்கு யாரும் ஓட்டுப்பெட்டி வைக்க மாட்டார்கள்!