புதுத் தொட்டியில் புதுப் பாசி

“அன்புள்ள அக்கா, கடல்நீர் மீன்தொட்டி வைத்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் கண்ணாடி, மணல், கல் எல்லாவற்றிலும் காப்பிப்பொடி தூவினாற்போல் ஒரே பழுப்பு! ‘கல்லையெல்லாம் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் தேய்த்துவிடு’ என்கிறார் என் மாமியார். செய்யலாமா?” என்று வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

முதலில் அடுப்பை அணையுங்கள், அம்மா! பெரியவர் சொன்னது பாத்திரத்துக்குச் சரி. இந்தக் கல்லுக்குச் சரிப்படாது.

கடையில் வாங்கும் கடல் கற்களில் சில சமயம் சின்னச் சின்னப் பொத்தான்களைப் போல மலர்ந்திருக்கும் ‘சோவாந்திட்’ என்னும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் சில வகைகளில் ‘பாலிடாக்ஸின்’ என்ற கொடிய விஷம் உண்டு. கொதிநீர் பட்டாலும், அழுத்தித் தேய்த்தாலும் அது ஆவியிலும் தெறிக்கும் நீரிலும் கலந்து மூச்சுக்குள் போய்விடும். இருமல், மூச்சுத்திணறல், குளிர்காய்ச்சல் என்று ஃப்ளூ மாதிரியே ஆரம்பிக்கும். 2018-ல் இங்கிலாந்தில் ஸ்டீவென்டன் என்ற ஊரில், தொட்டியிலிருந்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய், அந்த வீட்டாரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுமாகப் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அப்படி எதுவும் நேர்ந்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு, உடனே டாக்டரிடம் போய், “பவளக் கல்லைக் கழுவினோம்” என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கல்லைத் தொடும்போது கையுறை போடுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.

இன்னொன்று. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கும் நல்ல பாக்டீரியா குடியிருப்பது அந்தக் கல்லிலும் மணலிலும்தான். அதைக் கொன்றுவிட்டால் தொட்டி பளிச்சென்று இருக்கும், மீன் இருக்காது.

சரி, அந்தப் பழுப்பு என்ன? பழைய டூத் பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே லேசாகத் தடவிப் பாருங்கள். தூசி மாதிரி உடனே கலைந்தால் ‘டயாட்டம்’ என்னும் நுண்பாசி. சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் உயிர் இது. குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் சிலிக்கா உண்டு. புதுத் தொட்டிக்கு இது கைக்குழந்தைக்கு வேர்க்குரு வருகிற மாதிரி. சில வாரத்தில் தானே அடங்கிவிடும். உப்புக் கலக்கவும், ஆவியாகிக் குறைந்ததை நிரப்பவும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். (சில வீட்டு மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரையும் கலந்துவிடுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.)

அதே பழுப்பு சளி மாதிரி இழையாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் கட்டியிருந்தால் கதை வேறு. விளக்கு அணைந்த பிறகு இரவில் குறைந்து, மறுநாள் வெளிச்சத்தில் திரும்ப வந்தால் ‘டைனோஃபிளாஜெல்லேட்’ என்று சந்தேகப்படலாம். நத்தைகள் செத்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கு அடிக்கடி தண்ணீர் மாற்றினால் சில சமயம் அதிகமாகவே செய்யும். ஆகவே விஷயம் தெரிந்தவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

கருஞ்சிவப்பாகப் பாலாடை மாதிரி படர்ந்து, கிள்ளினால் ஏடு ஏடாக உரிந்து வருகிறதா? அது பாசியே அல்ல, ‘சயனோபாக்டீரியா’. தண்ணீர் ஓட்டமில்லாத மூலையும், மிஞ்சிப்போன தீனியும் இதற்குக் கொண்டாட்டம். டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்ப்பை அந்த மூலைப் பக்கம் திருப்பி வையுங்கள். குழந்தைகள் ஆளுக்கொரு பிடி தீனி போடுகிற வீடுகளில் இது சீக்கிரம் வரும். தீனி டப்பாவைப் பரண்மேல் வைத்தாலும் தப்பில்லை!

பச்சை முடியாக வளர்வதைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அதற்கும் காரணம் அதிகத் தீனிதான். பச்சைக் கண்ணாடி மணி போல் உருண்டையாக இருந்தால் தொட்டிக்குள் வைத்து உடைக்காமல், அடியோடு பெயர்த்தெடுங்கள்.

ரோஸ் அல்லது ஊதா நிறத்தில், சுண்ணாம்பு பூசினாற்போல் கெட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். அது சுண்ணாம்புப் பாசி. தொட்டி நன்றாக நிலைத்து வருகிறது என்று அர்த்தம். இதற்காக ஏங்குகிறவர்களும் உண்டு.

கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்புவதானால், நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கில் எடுங்கள். நீல வெளிச்சத்தில் சிவப்பு எது, பழுப்பு எது என்று அவருக்கும் தெரியாது.