செத்த காலேஜ் கற்பிக்கும் பாடம்

நுழையும்முன்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழைக்குள் அசையாது நிற்கும் விலங்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் கண்டு வியப்பதோடு அருங்காட்சியகத்தின் பயன் முடிந்துவிடுகிறதா? பார்வையாளர் காணாத அறைகளில் உள்ள சேகரிப்புகளின் அருமையை எடுத்துரைத்து, அவற்றைக் காப்பது சமூகத்தின் கடமை என்று வாதிடுகிறது இக்கட்டுரை.

பெயர் சொல்லும் செய்தி

சென்னையின் பழைய பேச்சு வழக்கில் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர். உயிர்க்காட்சிச் சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். இரண்டும் உடன்பிறப்புகளே. 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் காலத்தில், அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளும் வைக்கப்பட்டன. அவையே பின்னர்த் தனியிடம் பெயர்ந்து, சென்னையின் உயிர்க்காட்சிச் சாலையாக வளர்ந்தன.

மக்கள் இட்ட பெயரில் ஒரு சொல் மிகப் பொருத்தமானது. மற்றொரு சொல் மறுபரிசீலனைக்கு உரியது. 'காலேஜ்' என்றது பொருத்தம். எழுத்தறியாதவரும் உலகைக் கற்கும் இடம் அது. ஆனால், 'செத்த' என்னும் அடைமொழியை அப்படியே ஏற்பதற்கில்லை. பாடம் செய்யப்பட்ட பறவைக்கு உயிர் இல்லை என்பது உண்மையே. எனினும், அது நம் கேள்விகளுக்கு விடை சொல்லும் ஆற்றலை இழந்துவிடவில்லை.

காட்சிக்கூடத்தின் பின்னால்

அருங்காட்சியகத்தில் நாம் காண்பது அதன் சேகரிப்பில் ஒரு சிறு பகுதியே. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 8 கோடி மாதிரிகள் உள்ளன. அவற்றுள் மிகச் சிலவே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. எஞ்சியவை இழுப்பறைகளிலும் கண்ணாடிக் குடுவைகளிலும் இரும்பு அலமாரிகளிலும் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரு மாதிரியின் மதிப்பு அதன் அழகிலோ அளவிலோ இல்லை. அதனுடன் இணைந்த சிறு குறிப்புச் சீட்டில் உள்ளது. எந்த ஊரில், எந்த நாளில், யாரால் சேகரிக்கப்பட்டது என்னும் செய்திகள் இருந்தால், ஒரு சாதாரண வண்ணத்துப்பூச்சியும் அறிவியல் சான்றாகும். ஓர் உயிரினத்திற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டும்போது எந்த மாதிரி அடிப்படையாகக் கொள்ளப்படுகிறதோ, அதனை 'வகைமாதிரி' என்பர். பிற்காலத்தில் அப்பெயர் குறித்து ஐயம் எழுந்தால், ஆய்வாளர்கள் அந்த வகைமாதிரியையே மீண்டும் நாடுவர். நீதிமன்றத்திற்கு மூலப் பத்திரம் எப்படியோ, உயிரியலுக்கு வகைமாதிரி அப்படி.

முட்டை ஓடு சொன்ன உண்மை

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பறவைகளின் முட்டைகளைத் திரட்டுவது பலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. இன்று அந்நாட்டில் அது சட்டப்படி குற்றம். அவ்வாறு திரட்டப்பட்ட முட்டை ஓடுகள், திரட்டியவர் எவரும் எண்ணிப்பாராத ஒரு பயனைத் தந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பைரி முதலிய வேட்டைப் பறவைகளின் எண்ணிக்கை அங்கு வேகமாகக் குறைந்தது. கூடுகளில் உடைந்த முட்டைகள் காணப்பட்டன. டெரெக் ராட்கிளிஃப் என்னும் ஆய்வாளர், பல பத்தாண்டுகளாகச் சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை எடை போட்டார். அவற்றின் நீள அகலங்களை அளந்தார். பழையவற்றோடு புதியவற்றை ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் மெலிந்துள்ளமை தெளிவாகத் தெரிந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்த காலமும் அதுவே. 1967இல் அவர் வெளியிட்ட இம்முடிவை அமெரிக்க அருங்காட்சியகச் சேகரிப்புகளில் நடந்த ஆய்வும் அடுத்த ஆண்டு உறுதி செய்தது. 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாட்டைத் தடை செய்தது. மெலிந்த பறவைக் கூட்டம் மெல்ல மெல்ல மீண்டது.

டி.டி.டி. புழக்கத்திற்கு வருமுன் திரட்டப்பட்ட ஓடுகளே அதன் தீங்கிற்குச் சாட்சி கூறின. அவை குப்பை என்று வீசப்பட்டிருந்தால், 'முன்பு எப்படி இருந்தது?' என்ற வினாவிற்கு எவராலும் விடை கூறியிருக்க இயலாது.

கல்லமேட்டில் நாம் இழந்தது

சான்று காக்கப்பட்டதன் பயனைக் கண்டோம். சான்று அழிந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறை அடுக்குகளிலிருந்து மாபெரும் எலும்புகள் வெளிப்பட்டன. கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். இந்தியப் புவியியல் ஆய்வாளர்களான யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களின் பிற்பகுதியில் அதனை விவரித்து, 'பேருடல் கொண்ட பல்லி' எனப் பொருள்படும் புருகத்காயோசாரஸ் என்னும் பெயரைச் சூட்டினர். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும்.

'கூடும்' என்றே சொல்ல வேண்டியுள்ளது. எளிதில் நொறுங்கும் தன்மை கொண்ட அவ்வெலும்புகள் நிலைத்து நிற்கவில்லை, சிதைந்து அழிந்தன. எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களும் மட்டுமே. முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட அவ்விலங்கு, பின்னர்த் தாவர உண்ணி எனக் கொள்ளப்பட்டது. அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று ஐயுற்றவரும் உண்டு. பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியானபின் எலும்பு என்னும் கருத்து வலுப்பெற்றது. எனினும், தொட்டுப் பார்த்து அளந்து ஐயத்தை முற்றும் நீக்க, மூலச் சான்று இல்லை. உலகமே தேடி வரத்தக்க ஒரு செல்வம் நம் கைக்கு எட்டியும் நிலைக்காமல் போயிற்று.

இரு மறுப்புகள்

'எல்லாவற்றையும் ஒளிப்படம் எடுத்துக் கணினியில் சேமித்தால் போதாதா?' என்று சிலர் வினவுவர். ஒளிப்படம் பயனுடையது, கல்லமேட்டுக்குக் கைகொடுத்ததும் அதுவே. ஆயினும், முட்டையின் ஒளிப்படத்தை எடை போட முடியாது. எலும்பின் ஒளிப்படத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க முடியாது. நாளை எழக்கூடிய வினா எது என்பதை இன்று அறியோம். அதனால்தான் பொருளையே காக்க வேண்டியுள்ளது.

'பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத நாட்டில் இறந்த உயிர்களுக்கு ஏன் செலவிட வேண்டும்?' என்பது மற்றொரு வினா. இதில் நியாயம் உண்டு. எனினும், காக்கத் தவறியதன் விலையையும் கணக்கிடுதல் வேண்டும். 2016 ஏப்ரல் 26 அன்று, புதுதில்லியில் 1978 முதல் இயங்கிய தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையானது. 2018 செப்டம்பர் 2 அன்று, பிரேசிலில் 200 ஆண்டுப் பழமை வாய்ந்த தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. சுமார் 2 கோடிப் பொருள்களுள் பெரும்பகுதி சாம்பலாயின. எரிந்த கட்டடத்தை எழுப்பிவிடலாம். நூறாண்டுக்கு முன் ஒரு காட்டில் பிடிக்கப்பட்ட பூச்சியை, அக்காடே அழிந்தபின் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பெற இயலாது.

செய்யத்தக்கவை

காட்சிக்கூடங்களுக்குப் புதிய விளக்குகளும் வண்ணத் திரைகளும் அமைப்பதில் காட்டும் ஆர்வத்தைச் சேமிப்பு அறைகளின் தீப்பாதுகாப்பிலும், ஈரம் தாக்காத அமைப்பிலும், தேர்ந்த காப்பாட்சியர்களை அமர்த்துவதிலும் அரசுகள் காட்டுதல் வேண்டும். மக்கள் அறியாத ஒன்றிற்காக மக்கள் குரல் எழுப்புவதில்லை. ஆகவே, ஆண்டில் சில நாள்களேனும் சேகரிப்பு அறைகளை மாணவர்க்குத் திறந்துகாட்ட வேண்டும். மாதிரியை எவ்வாறு பதப்படுத்துகின்றனர், குறிப்புச் சீட்டை எவ்வாறு எழுதுகின்றனர் என்பதைக் காப்பாட்சியரே விளக்கினால், அது பல பாடவேளைகளுக்கு ஈடாகும். பேழைகளின் முன்னுள்ள குறிப்புகள் விலங்கின் பெயரோடு நின்றுவிடாமல், அது எங்கிருந்து, எப்போது வந்தது என்பதையும் நல்ல தமிழில் கூறுதல் வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. அரியலூர்ப் பகுதியில் கடல்வாழ் உயிரிகளின் படிவங்களும், விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்மரங்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றை நினைவுப் பொருளாகப் பெயர்த்து வருதல் தகாது. இடம் மாறிய படிவம் தன் வரலாற்றை இழந்துவிடும். புதிதாக ஒன்றைக் கண்டால், இருந்த இடத்திலேயே விட்டு, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வழியாக அருங்காட்சியகத்திற்குத் தெரிவிப்பதே முறை.

அடுத்த முறை அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, திமிங்கல எலும்புக்கூட்டின் நீளத்தை வியந்ததோடு திரும்பிவிட வேண்டா. 'இது எப்போது, எங்கிருந்து வந்தது? இதுபோல் உள்ளே இன்னும் எத்தனை உள்ளன? அவற்றைக் காப்பவர் யார்?' என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால், காப்பவர்க்கும் துணை பெருகும்.