பாறை மேல் வழக்குப் போட முடியுமா?

போத்தல் தண்ணியை விடுங்கள், வீட்டுக் குழாயில் பில்டர் பூட்டுங்கள், காசும் மிச்சம், குப்பையும் குறையும் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். நல்ல புத்திதான். ஆனால் சொல்கிறவர்கள் ஒருதரம் மாங்குளத்துக்கு வந்து, எங்கட குழாயைத் திறந்து, ஒரு கேத்தில் தண்ணி கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எங்கட குழாய் என்றால் நீர் வழங்கல் சபைக் குழாய் இல்லை. வளவுக்குள் கிணறு, கிணற்றில் மோட்டர், மேலே கறுப்புத் தாங்கி, அதிலிருந்து குசினிக்கு ஒரு குழாய். அந்தத் தண்ணி கொதித்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். கரண்டியால் சுரண்டினால் முட்டைக்கோது போல உடைந்து வரும். பருப்பு எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் அவியாது. தேத்தண்ணிக்கு மேலே ஆடை மிதக்கும். சவர்க்காரம் நுரைக்காது, முழுகினால் தலைமயிர் சடைபிடிக்கும். இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது பயம்.

1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுபிடித்த சிறுநீரக நோய், எல்லை பார்க்காமல் வவுனியாவுக்கும் வந்தது. நீரிழிவு இல்லை, பிரஷர் இல்லை, வயலில் வேலை செய்த ஆளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. ஏன் என்று கேட்டால் ஒருவர் புளோரைட் என்கிறார், ஒருவர் தண்ணியின் கடினத்தன்மை என்கிறார், ஒருவர் கிருமிநாசினி என்கிறார், இன்னொருவர் வெயில் என்கிறார். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை இன்றுவரை எவரும் அடித்துச் சொல்லவில்லை. அதுவரை நாங்கள் என்னத்தைக் குடிப்பது?

குடிதண்ணிக்கு நாட்டில் தரம் இருக்கிறது. எஸ்.எல்.எஸ். 614 என்று பெயர். லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் கூடாது, கடினத்தன்மை 250க்கு மேல் கூடாது. உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்கு 1.5 வரை விடுகிறது. வெக்கையில் ஆட்கள் கூடத் தண்ணி குடிப்பார்கள் என்பதால் எங்களுக்கு அளவு இன்னும் இறுக்கம். கடதாசியில் எல்லாம் சரி. எங்கட கிணறு அந்தக் கடதாசிக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று எங்கட படலைக்கு வந்து சொன்ன அதிகாரி ஒருவரும் இல்லை.

அதிகாரி வரவில்லை, பில்டர் வியாபாரி வந்தான். கழுத்துப்பட்டி கட்டிய பொடியன். இரண்டு கிளாஸ் வைத்தான். ஒன்றில் எங்கட கிணற்றுத் தண்ணி, மற்றதில் அவன் கொண்டுவந்த தண்ணி. இரண்டிலும் கம்பி இறக்கி கரண்ட் கொடுத்தான். எங்கட தண்ணி கண்ணுக்கு முன்னாலேயே மண்ணிறமாகிக் கசடு கட்டியது. அவனுடையது அப்படியே தெளிவாய் நின்றது. “இதைத்தானே அம்மா பிள்ளையளுக்குக் குடுக்கிறியள்?” என்று கேட்டான். எந்தத் தாய் அதற்குப் பிறகு பேரம் பேசுவாள்?

அந்தக் கசடு எங்கட கிணற்றில் இருந்தது இல்லை. அவன் இறக்கிய இரும்புக் கம்பியின் கறள் அது. உப்புள்ள தண்ணியில் கரண்ட் ஓடும், கம்பி கரையும். உப்பை எடுத்த தண்ணியில் ஓடாது, ஆகவே நிறமும் மாறாது. அவ்வளவுதான் வித்தை. நெல்லு விற்ற காசில் தவணை கட்டி அவனிடம் வாங்கிய பில்டர் பெட்டிக்குள்ளே இருந்தது ஒரு பஞ்சு, ஒரு கரி. பஞ்சு மண்ணைப் பிடிக்கும், கரி மணத்தையும் குளோரினையும் எடுக்கும். புளோரைட்டை அந்தக் கரி தொடாது, சுண்ணாம்பையும் தொடாது. கேத்திலில் இன்றைக்கும் அதே வெள்ளைதான். தந்துவிட்டுப் போன நம்பருக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை.

சரி, போத்தல் வாங்கலாம் என்றால் அதற்கும் கணக்குப் பார்த்தேன். 2025 ஏப்ரலில் நுகர்வோர் அதிகார சபை விதித்த உச்ச விலைப்படி ஐந்து லீற்றர் 350 ரூபா. குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு இருபது லீற்றர் வேண்டும். 1,400 ரூபா. அதே ஏப்ரலில் நாட்டின் ஆகக் குறைந்த நாட்கூலி 1,080 ரூபாவாக இருந்தது. ஒரு நாள் முழுக்க வெயிலில் குனிந்து நின்று உழைத்த காசு வீட்டுக்குத் தண்ணி வாங்கவே காணாது. அந்தப் போத்தல்களும் ஏ9 வீதிக் கடை வாசல்களில் மத்தியான வெயிலில் அடுக்கிக் கிடக்கிறவைதானே. 2024இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆட்கள் எண்ணிப் பார்த்தபோது ஒரு லீற்றர் போத்தல் தண்ணியில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணிக்கைகள் இருந்தன. காசு கொடுத்து அதையும் குடிக்கவேண்டும்.

உப்பையும் புளோரைட்டையும் உண்மையாய் எடுக்கிறது ஆர்.ஓ. மெசின். வவுனியாப் பக்கம் ஊர்ப் பொது இடங்களில் வைத்திருக்கிறார்கள், கான் கொண்டுபோய்ப் பிடிக்கலாம். கடற்படையே நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் பூட்டியிருக்கிறது. வீட்டிலும் பூட்டலாம், பூட்ட முடிந்தவர்கள் அதைத்தான் பூட்டவேண்டும், போத்தலை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது உள்ளே எடுக்கிற தண்ணியில் பாதிக்கு மேல் கழிவாய் வெளியே விடும். எங்கட மாதிரிச் சுண்ணாம்புத் தண்ணிக்கு அதன் சவ்வு கெதியாய் அடைபடும். மாற்றுவதற்கு வவுனியாவுக்கு ஓடவேண்டும். ஆவணியில் கிணறு அடியில் கிடக்கும்போது பாதித் தண்ணியை ஊற்றிவிட எந்த மனம் வரும்?

எங்களுக்குத் தண்ணி வரிசை புதிதில்லை. 2009இல் மெனிக் பாம் முகாமில் தண்ணிப் பவுசருக்குப் பின்னால் நின்ற சனம் நாங்கள். திரும்பி வந்து கிணற்றுக்குள் கிடந்ததையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் குடியிருக்கத் தொடங்கினோம். ஒரு பக்கம் இரணைமடு, மறுபக்கம் முத்தையன்கட்டு. மாரியில் நிரம்பி வான் பாய்கிற குளங்களுக்கு நடுவிலிருந்து கொண்டு கானோடு கடைக்குப் போகிறோம். யாழ்ப்பாணத்துக்குத் தாளையடியில் கடலையே குடிதண்ணியாக்கி 2024இல் திறந்தார்கள். நல்ல விஷயம், பொறாமை இல்லை. கடலைக் குடிதண்ணியாக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கட கிணற்றைச் சோதிக்கத் தெரியாதா?

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்குப் போனது, 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அங்கே கூண்டில் ஏற்ற ஒரு நிறுவனம் இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. எங்கட தண்ணியைக் கெடுத்தது நிலத்துக்குக் கீழே கிடக்கிற பாறையாம். பாறை மேல் யார் வழக்குப் போடுவது? அது இயற்கையாம், ஆகவே ஒருவருக்கும் பொறுப்பில்லையாம். பாறை செய்தது இயற்கை என்று வைத்துக்கொள்வோம். தெரிந்துகொண்டும் சோதிக்காமல் விட்டது யார் செய்தது?

எங்களுக்கு நிவாரணப் போத்தல் வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மாரி முடியவும் கோடை முற்றவும், கிணறு கிணறாய்த் தண்ணி எடுத்துச் சோதித்து, புளோரைட் இவ்வளவு, கடினத்தன்மை இவ்வளவு என்று தமிழில் எழுதிய துண்டு ஒன்றை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். பஞ்சும் கரியும் வைத்த பெட்டியைச் சிறுநீரகம் காக்கும் என்று விற்கிறவனைப் பிடியுங்கள். குழாய்த் தண்ணி வரும்வரை ஊருக்கொரு ஆர்.ஓ. வைத்து, அதன் சவ்வை நேரத்துக்கு மாற்றுங்கள். எந்தப் பில்டர் பூட்டுவது என்று பிறகு நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.