பன்றியின் உறுமலில் மகிழ்ச்சி தெரியுமா?

பன்றி எழுப்பும் ஒலியைக் கேட்டே அது நல்ல மனநிலையில் இருக்கிறதா, இல்லையா என்று கணினியால் சொல்ல முடியும் என்றது 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் எலோடி பிரீஃபர் தலைமையில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 411 பன்றிகளின் 7,414 ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். குட்டி பால் குடிப்பது முதல் இறைச்சிக்கூடம் வரை எல்லாக் கட்டங்களும் அவற்றில் உண்டு. நல்ல சூழலில் எழும் ஒலிகள் குறுகியவை, ஏற்ற இறக்கம் குறைந்தவை. கணினி சுமார் 92 விழுக்காடு சரியாகப் பிரித்தது.

இதற்கு ஏன் மதிப்பு? விலங்கின் மனநிலையை அறிய இரத்தத்தில் கார்டிசோல் அளவைப் பார்ப்பது பழைய வழி. ஊசி போடப் பிடித்து நிறுத்தினாலே அது ஏறிவிடும். பயத்தில் மட்டுமல்ல, உற்சாகத்திலும் ஏறும். ஒலிவாங்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை. கூரையில் தொங்கவிட்டால் போதும், பன்றியைத் தொடவே வேண்டாம்.

ஆனால் அந்த 92 விழுக்காட்டை அப்படியே விழுங்கிவிட முடியாது. தாயிடம் பால் குடிப்பது நல்லது, காயடிப்பது கெட்டது என்று ஒலிகளை முதலில் வகைப்படுத்தியவர்கள் மனிதர்கள். கணினி கற்றது அந்த வகைப்பாட்டைத்தான். காயடிக்கும்போது எழும் அலறலைப் புரிந்துகொள்ள யாருக்குக் கணினி வேண்டும்? பழக்கமில்லாத பொருள் ஒன்றைக் கண்டு பன்றி உறுமினால் அது ஆர்வமா, அச்சமா? அங்கேதான் நம் ஊகமே தடுமாறுகிறது.

இந்த இடத்தில் எனக்கு எலிகள்தான் நம்பிக்கை தருகின்றன. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் யாக் பாங்க்செப் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினார். அவை சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கீச்சிட்டன. நம் காதுக்கு எட்டுவது 20 வரைதான் என்பதால் தனிக் கருவி வைத்தே கேட்க முடிந்தது. அதைச் ‘சிரிப்பு’ என்று அவர் அழைத்தது சர்ச்சையானது. ஆனாலும் கை விலகியதும் எலிகள் அந்தக் கையையே துரத்தி வந்தன. ஒலிக்கு மனிதர் தந்த பொருள் சரிதான் என்பதற்கு எலியே சாட்சி சொன்னது. பன்றிகளிடமும் இப்படி ஒரு சாட்சியம் வேண்டும்: எந்த இடத்தில் நல்ல ஒலி எழுகிறதோ, அந்த இடத்தை அவை தாமாகத் தேடிப் போகின்றனவா?

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் விஷயமல்ல. பிரிட்டனில் 1979இல் வகுக்கப்பட்ட ‘ஐந்து சுதந்திரங்கள்’ பல நாடுகளின் விலங்கு நலச் சிந்தனைக்கு அடிப்படை. அவற்றில் நான்கு பசி, அசௌகரியம், வலி, அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலை பற்றியவை. துன்பம் இல்லையென்றால் சரி என்பதே கணக்கு. மகிழ்ச்சியையும் அளக்க முடிந்தால் பண்ணைகளிடம் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் ஒலிவாங்கி பண்ணை உரிமையாளரின் கையில் மட்டும் இருந்தால், ‘மகிழ்ச்சியான பன்றி’ என்று பொட்டலத்தில் ஒட்டவும் அதே எண் உதவும். பதிவுகளை வெளியிலிருந்து வரும் கால்நடை மருத்துவரும் கேட்கலாமா என்பதைக் கருவி பண்ணைகளுக்குப் பரவும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.