முதல் அரை மணி நேரத்தை நம்பாதீர்கள்

புதிதாக ஒரு விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட் சந்தைக்கு வந்தால் அதன் பின்னாலேயே விமர்சனங்களும் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் அவை வியப்பின் பதிவுகள்: தலையைத் திருப்பினால் உலகம் சுற்றிலும் விரிகிறது, கையை நீட்டினால் பொருள் கையில் அகப்படுகிறது. அந்த வியப்பு உண்மையானதுதான். ஆனால், எந்த விஆர் கருவியை முதன்முறை மாட்டினாலும் அது வரும். 2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், ஹெச்டிசி வைவ், பிளேஸ்டேஷன் விஆர் மூன்றும் அதைத் தந்தன. 2014இல் கூகுள் அறிமுகப்படுத்திய, செல்போனைச் செருகிப் பார்க்கும் சாதாரண அட்டைப்பெட்டிகூடத் தந்தது. எல்லாக் கருவியும் தருகிற ஒன்றை வைத்து எது நல்ல கருவி என்று எப்படித் தீர்மானிப்பது? வியப்பு வடிந்த பிறகும் ஒருவர் அதை எடுத்து மாட்டிக்கொள்கிறாரா என்பதுதான் உரைகல். முதல் நாள் விமர்சனம் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

இந்த வியப்பைச் சுலபமாகக் கிளப்பும் வழி ரோலர் கோஸ்டர் காட்சி. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் கண், கீழே பாய்கிறாய் என்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, நீ நகரவே இல்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் பலருக்குத் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. முதல் நாள் கைதட்டல் வாங்கும் அதே காட்சிதான் இரண்டாம் நாள் கருவியை அலமாரிக்கு அனுப்புகிறது. நீடித்து நின்ற கேம்கள் வேறு வகை. செக் நாட்டின் சிறு நிறுவனம் ஒன்று 2018இல் கொண்டுவந்த ‘பீட் சேபர்’ அதற்கு நல்ல உதாரணம். ஒரு கையில் சிவப்பு ஒளிவாள், மறு கையில் நீல ஒளிவாள். பாட்டின் தாளத்தோடு அதே இரு நிறங்களில் கட்டிகள் எதிரே வருகின்றன. பெரும்பாலானவற்றின் மேல் ஓர் அம்புக்குறி. அந்த நிறத்து வாளால் அம்பு காட்டும் திசையில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். குனிந்தால் நிஜமாகவே குனிகிறார், வீசினால் நிஜமாகவே வீசுகிறார். கண்ணுக்கும் உடம்புக்கும் சண்டை இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தாளம் கைக்குப் படியப் படியத்தான் அதன் சுவை தெரியும்.

2020 மார்ச்சில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். தொடக்கத்திலேயே ஒரு கண்ணாடிச் சுவரும் சில மார்க்கர் பேனாக்களும் இருக்கும். பேனாவை எடுத்துக் கண்ணாடியில் எழுதலாம், கிறுக்கலாம். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் நின்று எழுதத் தோன்றும். பின்னால் ஓர் அத்தியாயத்தில் கண் தெரியாத, சத்தத்தை மட்டும் வைத்து வேட்டையாடும் ஒரு பிறவி வரும். அங்கே காற்றில் மிதக்கும் பூஞ்சைத் தூளால் நாயகிக்கு இருமல் வரும். இருமாமல் இருக்க, ஆடுபவர் தன் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கும் வாயைப் பொத்துவதற்கும் உள்ள தூரம்தான் விஆர் என்ற ஊடகத்தின் நியாயம் முழுவதும். இதற்கு இணையாகச் சொல்ல விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கேம்கள் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

கருவியின் குறைகளும் முதல் அரை மணி நேரத்தில் தெரியாது. மெட்டாவின் குவெஸ்ட் 3, 2023 அக்டோபரில் 499 டாலருக்கு வந்தது. கம்பி இல்லை, தனிக் கணினி வேண்டாம், முந்தைய மாடலைவிடப் படம் தெளிவு. இவையெல்லாம் மாட்டியதுமே தெரிந்துவிடும். எடை 515 கிராம், அதில் பெரும்பகுதி முகத்தின் முன்னால் தொங்குகிறது என்பது கழுத்துக்கு மெல்லத்தான் உறைக்கும். பேட்டரி ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நின்று ஆடச் சுமார் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். சிறிய வீட்டில் அது ஒவ்வொரு முறையும் மேசை நாற்காலியை நகர்த்தும் வேலை. 2024இல் 3,499 டாலருக்கு வந்த ஆப்பிளின் விஷன் புரோ பேட்டரியைத் தனியே பிரித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னது. அப்படியும் தலையில் இருப்பது 600 கிராமுக்குக் குறையவில்லை.

விலை குறைகிறதே, தொழில்நுட்பம் இன்னும் இளசுதானே, செல்போனும் இப்படித்தானே வளர்ந்தது என்று கேட்கலாம். விலை குறைந்தது உண்மை. 2024இல் குவெஸ்ட் 3எஸ் 299 டாலருக்கே வந்தது. ஆனால், இளசு என்பதை ஒப்ப முடியவில்லை. ஐவன் சதர்லாந்து தலையில் மாட்டும் திரையை உருவாக்கியது 1968இல். நின்டெண்டோவின் வர்ச்சுவல் பாய் 1995இல் வந்து ஓராண்டுக்குள் நின்றுபோனது. மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024இல் மட்டும் காட்டிய நஷ்டம் சுமார் 1,770 கோடி டாலர். காலமும் பணமும் போதவில்லை என்று இனியும் சொல்வதற்கில்லை. அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இது பயன்படுகிறதே என்றால், அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அங்கே பயிற்சி மருத்துவருக்குக் கருவியை மறுநாளும் மாட்ட ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் அந்தக் காரணத்தை நல்ல கேம் மட்டுமே தர முடியும். ஒருநாள் வியப்பும் மகிழ்ச்சிதானே என்றால், ஆம். அதற்கு ஒருநாள் டிக்கெட் விலை கொடுத்தால் போதும்.

ஆகவே, விமர்சனம் எழுதுபவர்கள் முதல் நாள் எழுதியதை ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை எழுத வேண்டும். கடைசியாக எப்போது கருவியை மாட்டினோம், எந்தக் கேமுக்காக என்பதையும் அதில் சொல்ல வேண்டும். வாங்க நினைப்பவர்கள் அந்த இரண்டாவது விமர்சனம் வரும்வரை காத்திருங்கள்.